மெயிலுக்குக் கட்டின பெல்

...பெல் சத்தத்துக்குத்தானே வந்தீங்க? தெரியும். நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம், உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. நானே கீழ எறங்கி வந்து மன்னிப்பு கேக்கணும்னுதான் இருந்தேன். போன வாரத்துலேர்ந்து இருக்கேன், இருந்துக்கிட்டே இருக்கேன்... உள்ள வாங்க. வாங்கன்னா. செருப்பெல்லாம் கழட்டாதீங்க, இந்த வீடு இருக்கிற லட்சணத்துக்கு செருப்போட வர்றதுதான் உங்க காலுக்கு நல்லது. அந்த ஒயர மிதிச்சுடாதீங்க. இல்ல இல்ல, அதுவும் ஒயருதான். அந்த நாற்காலியில ஸ்க்ரூடிரைவர் கிடக்கு பாருங்க, அத எடுத்து கீழ வச்சுட்டு உக்காருங்க. கதவ அவ்வளவு பலமா தட்டும்போதே நெனச்சேன், சரி, இன்னிக்கு நமக்கு பூஜை இருக்குன்னு.

கீழ கீழன்னு கை காட்டறீங்க, புரியுது, கீழ வரைக்கும் கேட்டிருக்கு. கேக்காம என்ன பண்ணும்? அது வாசல் பெல்லுங்க. ஆள் வந்தா அடிக்கிறதுக்குன்னு வாங்கின பெல். கடைக்காரர்கிட்ட நல்ல கணீர்னு இருக்கணும்னு கேட்டு வாங்கினது. அத வாசல் சுவத்துலேர்ந்து கழட்டி, இதோ, இந்த கம்ப்யூட்டர் பக்கத்துல மாட்டியிருக்கேன். ஏன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா, பரவால்ல, நானே சொல்றேன். மெயில் வந்தா அடிக்கிறதுக்கு.

சிரிக்கலையே நீங்க? எல்லாரும் இந்த இடத்துல சிரிப்பாங்க. என் வீட்டுக்காரர் சிரிச்சாரு. அவரு லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில மாட்டிக்கிட்டு கத்தறவங்கள எல்லாம் பத்திரமா எறக்கி விடறவரு. கல்யாணமான நாள்லேர்ந்து என்னத்தான் எறக்க முடியல. ஏறினா ஏறினதுதான், பேச்ச சொல்றேன். எங்க குடும்பத்துல என் பேரே ரேடியோ. அதுலயும் நிறுத்தற திருகு கழண்டு போன ரேடியோ. நீங்க குடிவந்து ஒரு மாசம் ஆகல, அதனால உங்களுக்கு இன்னும் தெரியாது. பழைய ஆளுங்க எல்லாம் படியில என் காலடி சத்தம் கேட்டாலே கதவ சாத்திக்குவாங்க. நான் தப்பா எடுத்துக்கறதில்ல. அவங்களுக்கும் வேலை வெட்டி இருக்கும்ல.

எங்க விட்டேன்? ஆங், பெல்லு.

நான் ஒரு மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யற கம்பெனியில கம்ப்யூட்டர் செக்ஷன் பாத்துக்கறேன். இருபது வருஷமா. யாருக்கு மெயில் வரலன்னாலும் என்கிட்டதான் ஓடி வருவாங்க. "மேடம், அவங்க அனுப்பிட்டேங்கறாங்க, எனக்கு வரல மேடம்." போய்ப் பாத்தா பாதி நேரம் வந்த மெயில் அவங்க மூக்குக்குக் கீழயேதான் கிடக்கும். எடுத்துக் குடுத்துட்டு, ஒரு அரை மணி நேரம் லெக்சர் அடிச்சுட்டுத்தான் எடத்த விட்டு நகருவேன். இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, நான் ஒண்ணும் தெரியாம இந்த ஒயர்ல கை வச்சவ இல்ல. எல்லாம் தெரிஞ்சுதான் கெட்டேன். தெரியாம கெட்டவங்களுக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சும்.

என்ன சொல்ல வர்றீங்க? "கீழ ஒருத்தங்க"ன்னு ஆரம்பிக்கறீங்க... உங்க வீட்ல ஒருத்தங்களுக்கு தூக்கம் கெட்டுப் போச்சு, அதானே? பெரியவங்களா? ஐயோ. நானே வந்து அவங்ககிட்ட நேர்ல சொல்றேன். ஆனா காரணத்த முழுசா கேட்டீங்கன்னா நீங்களே போய் அவங்களுக்கு எடுத்துச் சொல்லிடுவீங்க. இருங்க, ரெண்டே நிமிஷம்.

எனக்கு ஒரு தங்கச்சி. சின்னவ. நாங்க ரெண்டு பேருதான். அவ வேற ஊர்ல இருக்கா, ரயில்ல வந்தா ஒரு பொழுது ஆகும். ஸ்கூல்ல டீச்சர். அவ எனக்கு நேர் எதிர், பத்து வார்த்தை பேச வேண்டிய எடத்துல ரெண்டு பேசுவா. அம்மா சொல்லுவாங்க, ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கி வந்த வார்த்தைய எல்லாம் பெரியவளே தின்னுட்டான்னு. அந்தப் பொண்ணு ஒரு நாள் எனக்கு போன் பண்ணா. "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. நான், "சொல்லுடி, அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம்"னேன்.

அந்த ஒரே ஒரு விஷயம் எங்க வாஷிங் மெஷின்.

அதோ ஓடிக்கிட்டிருக்கே, அதேதான். அன்னைக்கு வீடெல்லாம் தண்ணி. ஒரு மெக்கானிக் வந்தான். வந்தவன் மூடிய தொறந்து பாத்தானா, பாத்துட்டு "மோட்டார் போச்சு"ன்னான். நான் விடுவேனா? தண்ணி போற குழாய் திருப்பிப் போட்டிருக்கே, அத யாரு பாப்பான்னு கேட்டேன். அவன் என்ன பண்ணான் தெரியுமா, குழாய கையில எடுத்து, என்ன ஒரு பார்வை பாத்து... பாத்தீங்களா. பாத்தீங்களா! உங்ககிட்டயும் ஆரம்பிச்சுட்டேன். இந்த மெஷின் கதைய நான் எங்க ஆபீஸ் வாட்ச்மேன்லேர்ந்து பல்லு டாக்டர் வரைக்கும் சொல்லியிருக்கேன். பல்லு டாக்டர்கிட்ட வாய்க்குள்ள கருவிய வச்சுக்கிட்டே சொன்னேன். அன்னைக்கு சின்னவகிட்ட சொன்னது முழுக் கதை. குழாய், மோட்டார், அந்தப் பையனோட முதலாளி, முதலாளியோட மச்சான், எல்லாம். நடுவுல அவ ரெண்டு தடவ "அக்கா"ன்னா. நான் "இருடி, முக்கியமான எடமே இனிமேதான்"னேன். கடைசியில அவ, "சரிக்கா, அப்புறம் சொல்றேன்"னு வச்சுட்டா. நான் மெஷின் ஓட ஆரம்பிச்ச சந்தோஷத்துல, அவ என்ன சொல்ல வந்தான்னு திருப்பி ஒரு வார்த்தை கேக்கல.

ஒரு வாரம் கழிச்சு அவ வீட்டுக்காரர் பேசும்போது வாய் தவறி சொல்லிட்டாரு. தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. எடுத்த கட்டிய டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க, அது எந்த மாதிரி கட்டின்னு ரிப்போர்ட் வரணும். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கிட்டு, உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி, எனக்குத்தான் போன் பண்ணியிருக்கா. நான் குழாய் கதை சொல்லியிருக்கேன்.

என்ன, நீங்களும் தொண்டைய தொட்டுக் காட்டறீங்க? உங்களுக்கும் ஏதாவதா? இல்லையா? சரி, சரி. தண்ணி வேணுமா? இல்லையா? சும்மா கையாலயே பேசறீங்களே, சின்னவ இப்ப அப்படித்தான் இருப்பாளாம். சத்தமா பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்.

நான் உடனே பைய எடுத்துக்கிட்டு கிளம்பினேன். கிளம்பறேன்னு சொன்னதும் அவகிட்டேர்ந்து போன்ல ஒரு மெசேஜ். இருங்க, எனக்கு அது மனப்பாடம். "அக்கா, சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ இடமே குடுக்கல. இப்ப வராத. வந்தா நீதான் பேசுவ, என்னால முடியாது. போனும் பண்ணாத. ரிப்போர்ட் வந்ததும் நானே மெயில் எழுதறேன். மெயில்ல நீ குறுக்க பேச முடியாது."

படிச்சதும் கோவம்தான் வந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. நான் தூக்கி வளத்த பொண்ணு எனக்கே கதவ சாத்தறாளேன்னு. அவ வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, "அவதான் சொல்லணும்னு சொல்லிட்டா, நான் வாயத் தொறந்தா எனக்கு வீட்ல சோறு கிடையாது"ன்னுட்டாரு. அன்னைக்கு சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு துவாலை. அந்த மெஷின்ல தொவச்ச துவாலை. அத பாதியா மடிக்கும்போது அழுகை வந்துச்சு பாருங்க... என் வீட்டுக்காரர் பயந்துட்டாரு. மெஷின் மறுபடியும் ரிப்பேரான்னு கேட்டாரு.

அதுலேர்ந்து மெயில் பாக்கறதே பொழப்பா போச்சு. அடுப்புல பால வச்சுட்டு மெயில் பாப்பேன், பொங்கிடும். மீட்டிங்ல மேஜைக்கடியில பாப்பேன், மேனேஜர் மொறைப்பாரு. போன்ல மெயில் வந்தா டிங்குனு சத்தம் வருமே, அது போதாதான்னு நீங்க கேப்பீங்க. என் போனுக்கு ஆபீஸ்லேர்ந்து மட்டும் ஒரு நாளைக்கு இருநூறு டிங்கு வரும். அத எப்பவோ வாயக் கட்டி வச்சுட்டேன். இதோ இது என் சொந்த மெயில், இதுக்குன்னு தனியா ஏதாவது பண்ணணும்னு தோணுச்சு. புத்தியுள்ளவங்க என்ன பண்ணுவாங்க? ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தொறந்து பாப்பாங்க. நான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே. ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். ஸ்க்ரிப்ட்னா ஒண்ணுமில்லீங்க, கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கிற வேலைச் சீட்டு. இத பாரு, அத பண்ணு, மறுபடியும் இத பாருன்னு.

முதல்ல எழுதினது மகா மட்டம். மெயில் எல்லாம் எங்கயோ தூரத்துல ஒரு சர்வர்ல வந்து விழுதா, அதுகிட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவ போய் "வந்துச்சா"ன்னு கேக்கச் சொல்லி எழுதினேன். எழுதினேன்னு நெனச்சேன். நிமிஷத்துக்குப் பதிலா செகண்டுக்குன்னு போட்டுட்டேன். செகண்டுக்கு ஒரு தடவ வந்துச்சா வந்துச்சா வந்துச்சான்னு கேட்டா யாருதான் பொறுத்துக்குவாங்க? என் வீட்டுக்காரராவது இத்தனை வருஷப் பழக்கம். அந்த சர்வர், இது யாரோ திருட்டுப்பயன்னு முடிவு பண்ணி, என் மெயிலுக்கே பூட்டு போட்டுடுச்சு. தொறக்கணும்னா நான்தான் நான்னு நிரூபிக்கணுமாம். ஒரு கேள்வி கேட்டுச்சு. எப்பவோ கணக்கு தொடங்கும்போது நானே போட்டு வச்ச கேள்வி. "உங்கள் முதல் சிநேகிதி யார்?" நான் என்ன பதில் எழுதி வச்சிருந்தேன் தெரியுமா? சின்னவ.

ம்... விடுங்க.

ரெண்டாவது தடவ ஒழுங்கா எழுதினேன். இதுல போய்ப் போய் கேக்கறது கிடையாது. போஸ்ட் ஆபீஸ்ல ஜன்னலுக்கு முன்னாடி ஒரு பெஞ்சு போட்டு உக்காந்துக்கறோம்னு வச்சுக்குங்க. "ஐயா, நான் இங்கதான் இருக்கேன், எனக்கு ஏதாவது வந்தா நீங்களே கூப்பிடுங்க"ன்னு ஒரே ஒரு தடவ சொல்லிட்டு வாய மூடிக்கணும். அவ்வளவுதான். வந்தா அவரு கூப்பிடுவாரு. எவ்வளவு மரியாதையான ஏற்பாடு பாருங்க! நாப்பது வரி இருக்கும் அந்த ஸ்க்ரிப்ட். அதுல முக்கால்வாசி, சும்மா இருக்கிறதுக்குத்தான். என் கையால பொறந்ததுலயே வாயில்லாத ஒரே ஜீவன் அதுதான்.

ஆனா சும்மா இருக்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ரொம்ப நேரம் அசையாம இருந்தா ஜன்னல்காரர் இவ போயிட்டா போலன்னு நெனச்சு நம்மள மறந்துடுவாரு. அரை மணி நேரத்துக்குள்ள ஒரு தடவ தொண்டைய கனைச்சு "இருக்கேன் ஐயா"ன்னு சொல்லணும். எனக்கு அது முதல்ல தெரியல. லைன் எப்பவோ அறுந்து போச்சு, என் ஸ்க்ரிப்ட் பாவம் அது தெரியாம காத்துக்கிட்டே கிடந்துச்சு. எதிர்ல ஆள் வச்சுட்டுப் போனது தெரியாம நாம போன்ல பேசிக்கிட்டே இருப்போமே, அந்த மாதிரி. அந்த விஷயத்துல எனக்கு அனுபவம் ஜாஸ்தி. எங்க ஓரகத்தி நான் பேசும்போது போன மேஜையில வச்சுட்டுப் போய் குளிச்சுட்டு வந்து எடுப்பா. வந்து "ஆமாமா"ன்னுவா. நான் அப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன். சரியான எடத்துல ஆமாமா சொல்லிட்டாளேன்னு சந்தோஷம் வேற.

சரி, மெயில் வந்தா எனக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர்ல வர்ற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் வராது. சுத்தும் முத்தும் பாத்தேன். வாசல் பெல்லு கண்ணுல பட்டுச்சு. சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்த கதை இங்கதான் ஆரம்பம். என் வீட்டுக்காரர்தான் ஒயர் இழுத்துக் குடுத்தாரு. வெளிய பட்டன் அப்படியே இருக்கு, உயிரு இல்ல. உயிரு இங்க இருக்கு. அவரு சொன்னாரு, "பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டவும்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டு"ன்னு. நான், "நம்ம வீட்டுக்கு யாரு வரப் போறா"ன்னுட்டேன். உண்மைதானே? வந்தா நான் பேசுவேன்னு தெரிஞ்சு எவ வருவா? நீங்கதான் விஷயம் தெரியாம வந்து மாட்டிக்கிட்டீங்க.

போன வாரம் அத ஓட விட்டேனா, உங்களுக்குத்தான் தெரியுமே. எந்த மெயில் வந்தாலும் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. செருப்புக் கடை தள்ளுபடி, கணீர். பேங்க்குக்காரன் புது கார்டு வேணுமாங்கறான், கணீர். யாரோ ஒருத்தன், உங்க தலைமுடி கொட்டுதான்னு, கணீர். ஒவ்வொரு தடவையும் நான் கரண்டியும் கையுமா ஓடி வருவேன், சின்னவளா சின்னவளான்னு. பாத்தா தலைமுடி. கடைசியில ஒரு வரி சேத்தேன். அனுப்பினது சின்னவளா இருந்தா மட்டும் அடி, இல்லன்னா வாய மூடு. அன்னைலேர்ந்து பாருங்க, சத்தமே இல்ல. அதனாலதான் நீங்க இன்னிக்கு வந்தது எனக்கு கொஞ்சம் ஆச்சரியம். அடிச்சப்போ எல்லாம் பொறுத்துக்கிட்டு, நின்னப்புறம் சண்டைக்கு வர்றீங்களேன்னு.

என்ன, எந்திரிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க. சண்டைன்னு சொன்னதுக்கு கோவமா? சும்மா விளையாட்டுக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான் இருக்கும்போல, அக்கான்னு கூப்பிடவும் பயமா இருக்கு, கோவிச்சுக்குவீங்க.

இப்ப அந்த சத்தமில்லாததுதான் என் பிரச்சனை. ரிப்போர்ட் இந்நேரம் வந்திருக்கணும். எங்க ஆபீஸ் டாக்டரம்மாகிட்ட பொதுவா கேக்கற மாதிரி கேட்டேன், இவ்வளவு நாள் எல்லாம் ஆகாதுன்னாங்க. அப்போ ஏன் எழுதல? ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, என்மேல இருக்கிற கோவம் இன்னும் ஆறல. இன்னொண்ணு... இன்னொண்ண நான் நெனைக்கறதில்ல. நெனப்பு வந்தா எந்திரிச்சு வந்து ஸ்க்ரிப்ட்ட திருத்துவேன். அது ஒண்ணும் தப்பு பண்ணாது, இருந்தாலும் திருத்துவேன். நேத்துகூட ஆபீஸ்லேர்ந்து எனக்கு நானே ஒரு மெயில் போட்டுப் பாத்தேன், அனுப்பினது நானா இருந்தாலும் அடின்னு மாத்தி வச்சுட்டு. அடிச்சுதாம். என் வீட்டுக்காரர் வீட்ல இருந்து சாட்சி சொன்னாரு. எல்லாம் சரியா இருக்கு. பெல்லு சரி, ஒயரு சரி, ஸ்க்ரிப்ட் சரி. அவ மட்டும் எழுதல.

அவ எப்படி இருப்பான்னு பாக்கறீங்களா? என்ன மாதிரி இருக்க மாட்டா, ஒல்லியா, நெத்தி அகலமா... என்ன, தலைய தலைய ஆட்டறீங்க? பாத்த மாதிரியே ஆட்டறீங்களே. இருங்க, போட்டோ இருக்கு. முன்ன அவ ஸ்கூல் ஆண்டு விழாவுல எடுத்தத மெயில்ல அனுப்பியிருந்தா. எங்க... அவ பேரப் போட்டுத் தேடினா வந்துடும். இந்தா... வருது... ம்? இது என்ன?

இல்ல, இது போட்டோ இல்ல. இது... தேதியப் பாருங்க. இது புதுசு.

புது மெயில். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இருக்கு. சின்னவகிட்டேர்ந்து. எப்படி? பெல் அடிக்கலையே? நீங்க கேட்டீங்களா? நான் கேக்கலையே. எல்லாம் படிச்சாச்சுன்னு வேற காட்டுது. நான் எங்க படிச்சேன்? இது எந்த ஃபோல்டர்... "அப்புறம்". "அப்புறம்"னு ஒரு ஃபோல்டர். எவ போட்டது...

நான்தான்.

ஐயோ, நான்தாங்க. போன வருஷம். இவ தினமும் காலையில பூப்படம் போட்டு காலை வணக்கம் அனுப்புவா. பூ, அப்புறம் சூரியன், அப்புறம் வெந்நீர் குடிச்சா வர்ற நன்மைகள். தினமும். நேர்ல ரெண்டு வார்த்தை பேசாதவ மெயில்ல பூவா அனுப்புவா. நான் ஒரு நாள் எரிச்சல்ல, இவகிட்டேர்ந்து எது வந்தாலும் என் கண்ணுல காட்டாத, படிச்சதா குறிச்சுட்டு நேரா "அப்புறம்"ல கொண்டு போய்ப் போடுன்னு ஒரு விதி எழுதி வச்சேன். எழுதிட்டு மறந்தே போயிட்டேன். ஸ்க்ரிப்ட் உக்காந்திருக்கிறது முதல் ஜன்னல்ல, புது மெயில் வந்து விழற எடத்துல. அது ஒரு ஜன்னலத்தான் பாக்கும், அது எனக்கு நல்லாத் தெரியும். இவ லெட்டர் எல்லாம் பக்கத்து ஜன்னல் வழியா உள்ள போய் அடுக்கிக்கிட்டு இருந்திருக்கு. இருபது வருஷமா ஊருக்கு உபதேசம் பண்ணியிருக்கேங்க நான். மூக்குக்குக் கீழ பாருங்க, மூக்குக்குக் கீழ பாருங்கன்னு!

படிக்கட்டுமா? பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் பக்கத்துல வாங்க. இது முதல்ல வந்தது. "அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சு. கெட்ட கட்டி இல்ல. பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உனக்குத்தான் முதல்ல எழுதறேன், இவருக்குகூட இன்னும் சொல்லல."

கெட்ட கட்டி இல்லையாம். இல்லையாம்ங்க. கேட்டீங்களா? இருங்க... கண்ணு தெரியல, இருங்க. முந்தானையில தொடச்சா இன்னும் மங்குது.

இது ரெண்டாவது. "ஏன்க்கா பதிலே இல்ல? நான் பொறந்ததுலேர்ந்து நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு ரிப்போர்ட்டுக்குக்கூட இவ்வளவு பயமா இல்ல. ஒரு வார்த்தை எழுது. மெஷின் கதையாவது எழுது."

மெஷின் கதையாவது எழுதுன்னு எழுதியிருக்கா பாவி. நான் இங்க பெல்லுக்கு ஒயர் சுத்திக்கிட்டிருந்திருக்கேன்.

மூணாவது. இது முந்தாநாள் வந்திருக்கு. "நீ கோவமா இருக்கன்னு புரியுது. நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது. சனிக்கிழமை மத்தியானம் நானே வரேன். சத்தமா கூப்பிட என்னால முடியாது, குரல் இன்னும் வரல. பெல் அடிப்பேன். நீ திறந்தா உள்ள வரேன். திறக்கலன்னா புரிஞ்சுக்கறேன், திரும்பிப் போயிடறேன்."

சனிக்கிழமை. இன்னிக்கு... இன்னிக்கு சனிக்கிழமைதானே? அதனாலதானே நான் வீட்ல இருக்கேன். மத்தியானம்னு போட்டிருக்கா. மணி மூணாகப் போகுது. பெல் அடிப்பேன்னு...

பெல்லு இங்க இருக்குங்க. என் கைக்குப் பக்கத்துல இருக்கு. வெளிய வெறும் பட்டன். அத எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒண்ணும் வராது. அவ வந்திருப்பா. வந்து அழுத்தியிருப்பா. கதவ தட்டி ரகளை பண்றவ இல்ல அவ, எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவ அழுத்திட்டு, நின்னு பாத்துட்டு, மெஷின் ஓடற சத்தத்த கேட்டிருப்பா. உள்ள அக்கா இருக்கா, தொறக்கலன்னு... நான் இங்கயேதாங்க இருந்தேன். இந்த நாற்காலியில. அவ மெயில் வரும்னு காத்துக்கிட்டு.

இப்ப ஸ்டேஷனுக்குப் போனா புடிச்சுடலாமா? என் செருப்பு எங்க? ஆட்டோ... போன், போன் எங்க வச்சேன்... என்னங்க, ஏன் கைய புடிக்கறீங்க? விடுங்க, நான் போகணும். என்ன? என்ன சொல்றீங்க?

சரி. பேசல. நான் பேசல, நீங்க சொல்லுங்க.

...

...மாடிப்படியிலயா?

...

பையோட? கழுத்துல துணி சுத்திக்கிட்டு?

...

உங்க வீட்லயா? இப்பவா? தண்ணி குடுத்து உக்கார வச்சிருக்கீங்களா?

...

இத சொல்லத்தான் வந்தீங்களா? வந்த நிமிஷத்துலேர்ந்து கீழ கீழன்னு... ஏங்க, அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?

...ஆமா. ஆமாங்க. நான் இடமே குடுக்கல.

வாங்க, போகலாம். இல்ல, நீங்க முன்னாடி போங்க. ஒரு உதவி பண்ணுவீங்களா? பக்கத்துலயே நில்லுங்க. அவ பேசட்டும். குரல் வந்தாலும் வராட்டியும் அவளே பேசட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. நடுவுல நான் வாயத் தொறந்தா, கூச்சமே படாம என் கைய புடிச்சு நல்லா ஒரு கிள்ளு கிள்ளுங்க. சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன். கதவு தொறந்தே கிடக்கட்டும், யாரு வரப் போறா... இல்ல இல்ல, இனிமே அப்படி சொல்லக்கூடாது. மெஷின் வேற நிக்கப் போகுது, நின்னா தண்ணி வெளிய போகணும். அந்த மெக்கானிக் பையன் குழாய கையில எடுத்து என்ன ஒரு பார்வை பாத்தான்னு சொன்னேன்ல, பாத்துட்டு அவன் என்ன பண்ணான் தெரியுமா, நேரா அந்த குழாய—

ஆ! ஏங்க... இன்னும் ஒரு படிகூட எறங்கலையே, அதுக்குள்ளயா?